இயாகோவின் வஞ்சம்

மைசூர் அரசவைக் கவிஞராய் விளங்கிய பசவப்ப சாஸ்திரி, 19-ஆம் நூற்றாண்டிலேயே ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’வைச் ‘சூரசேன சரித்திரே’ என்னும் பெயரால் கன்னடத்தில் இயற்றினார். தமிழில் அ. மாதவையா அதனை ‘உதயலன்’ ஆக்கினார். எனவே, பெங்களூரில் வாழும் தமிழராகிய நமக்கு இருமொழி வழியாகவும் உறவுடைய நாடகம் அது.

வெனிஸ் நகரப் படைத்தலைவன் ஒதெல்லோ அயல்நாட்டான். அவனுடைய கொடிதாங்கி இயாகோ. டெஸ்டிமோனா காசியோவை விரும்புகிறாள் என்னும் பொய்யை இயாகோ அவள் கணவன் நெஞ்சில் ஊன்றி, அவன் கையாலேயே அவளைக் கொல்விக்கிறான்.

இவ்வளவு கொடுமைக்குக் காரணம் யாது? துணைத் தளபதிப் பதவி தனக்குக் கிட்டாமல் காசியோவுக்குப் போயிற்று என்பது ஒன்று. தன் மனைவி எமிலியாவை ஒதெல்லோ கெடுத்திருக்கக்கூடும் என்பது மற்றொன்று. அதற்குச் சான்று தேட அவன் முயல்வதே இல்லை. பின்னர்க் காசியோ மீதும் அதே ஐயம்! டெஸ்டிமோனாவைத் தானும் விரும்புவதாக ஓரிடத்தில் கூறுகிறான். காரணங்கள் பெருகப் பெருக, நமக்கு அவற்றின்மேல் நம்பிக்கை குறைகின்றது. 1565-இல் வெளிவந்த சிந்தியோவின் இத்தாலியக் கதையே இந்நாடகத்துக்கு மூலம். அதில் வஞ்சகன் அவளைக் காதலித்துக் காதல் கைகூடாதவன். தெளிவான அக்காரணத்தை ஷேக்ஸ்பியர் பின்னுக்குத் தள்ளிவிட்டார். 1891-இல் வெளிவந்த ‘மனோன்மணீய’த்துக் குடிலனுக்கோ வேண்டுவது பாண்டியன் அரியணை, அவன் சூழ்ச்சியெல்லாம் அங்கே சென்று முடியும். இயாகோவுக்கு அத்தகைய எல்லை இல்லை.

அவன் பொய்யை எடுத்துரைப்பதில்லை, கேட்கச் செய்கிறான். காசியோ டெஸ்டிமோனாவிடமிருந்து விலகிச் செல்வதைக் கண்டு ஏதோ முணுமுணுக்கிறான். என்னவென்று வினவினால், ஒன்றுமில்லை என்கிறான். தலைவன் சொன்ன சொல்லையே திருப்பிச் சொல்லி நிறுத்துகிறான். பொறாமை கூடாதென எச்சரிப்பவனும் அவனே! ஈற்றில் ஒதெல்லோ அந்நஞ்சைத் தானே வற்புறுத்திக் கேட்டு வாங்கிப் பருகுகிறான். கீழே விழுந்த கைக்குட்டையொன்று காசியோவின் அறையைச் சேர்ந்ததும் சான்றும் ஆயத்தமாகிவிடுகிறது.

இவற்றினும் கூரிய கருவி ஒன்றுண்டு. வெனிஸ் மகளிரின் இயல்பு உள்ளூரானாகிய தனக்கே தெரியும் என்று அவன் குறிப்பாக உணர்த்துகிறான். ஒதெல்லோ போர்க்களங்களை அறிந்தவன். அந்நகரத்து வீடுகளை அறியான். அண்டை வீட்டார் கூறியது இன்னதென்று பிறர் வாய்மொழியாகவே கேட்டறிந்த காலம் நம்மிற் பலருக்கும் இருந்திருக்கும். சொல்பவர் நல்லவராக அமைந்தது நம் பேறு. ஒதெல்லோவுக்கு அமைந்தவன் இயாகோ. அவனை ‘நேர்மையாளன்’ என்றே அவன் ஓயாது அழைக்கிறான். காசியோவை நேரில் அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கொலைக்கு முன் அவன் அதைச் செய்யவேயில்லை.

உண்மையை வெளியிடும் எமிலியா தன் கணவன் வாளுக்கே இரையாகிறாள். ஏன் செய்தாய் என்று வினவப்பட்டபோது, இனி வாய் திறவேன் என்கிறான் இயாகோ. நாடகம் முழுவதிலும் மிகுதியான வரிகளைப் பேசியவன் அவன்தான்.