மூன்று ஏக்கரைக் காக்கும் விடியற்காலைப் படை!

டிவியில் கோல்ஃப் பார்க்கும்போது நம் கண் பந்தின் பின்னாலேயே ஓடிவிடும். அந்தப் பந்து உருளும் புல்லைக் காப்பாற்ற நடக்கும் பாட்டைப் பார்த்துவிட்டால் பந்தையே மறந்துவிடுவீர்கள்! அதிலும் மழை பொய்த்த வருடத்தில் பார்க்க வேண்டும். வாருங்கள், 2015-ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவுக்குப் போவோம்.

நான்காவது ஆண்டாக வறட்சி. கோடையில் உருகித் தண்ணீர் தர வேண்டிய சியரா நெவாடா மலைப்பனி, வழக்கமான அளவில் வெறும் 5 சதவீதம். ஏப்ரல் 1 அன்று ஆளுநர் ஜெரி பிரவுன் மலைமேல் போய் நின்றார். ஐந்தடிக்குமேல் பனி கிடக்க வேண்டிய இடத்தில் காய்ந்த புல்! அங்கேயே, நகரங்களின் தண்ணீர்ச் செலவை 25 சதவீதம் குறைக்க உத்தரவு போட்டார். வீட்டுக்கு வீடு குழாயைக் கணக்குப் பார்த்துத் திறக்கும்போது, கோல்ஃப் மைதானம் மட்டும் பச்சைப் பசேலென்று கிடந்தால் ஊர் பொறுக்குமா? நியாயமான கேள்வி. பதிலைத் தேடி மைதானத்தின் பின்வாசல் வழியாக நுழைவோம்.

18 குழி மைதானம் என்றால் சுமார் 150 ஏக்கர். கொடி நட்ட குழியைச் சுற்றி, பந்தை உருட்டி ஆடும் ‘கிரீன்’கள் எல்லாம் சேர்ந்தாலும் மூன்று ஏக்கர் சொச்சம்தான். தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் முதலில் ஓரத்து ‘ரஃப்’ புல்லைக் காயவிடுவார்கள். அடுத்து நடுவே நீளும் ‘ஃபேர்வே’ புல்லுக்குப் பங்கு குறையும். கிரீனை மட்டும் விடவே மாட்டார்கள். அங்கே புல்லின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர்! அவ்வளவு ஒட்ட வெட்டிய புல்லுக்குக் கையிருப்பு என்று எதுவுமில்லை. ஒரே ஒரு உக்கிரமான பகல் போதும், கருகிவிடும்.

அதனால்தான் கிழக்கு வெளுக்குமுன் மைதானப் பராமரிப்பாளர் படை இறங்குகிறது. கையில் இரண்டு எஃகு முட்கள் கொண்ட ஈரமானி. தரையில் குத்தியதும் சில நொடியில் திரையில் எண் வந்துவிடும். ஒரே கிரீனில் இந்த மூலையில் 20 சதவீத ஈரம், பத்தடி தள்ளி 9! ஸ்பிரிங்க்ளரைத் திறந்தால் இரண்டுக்கும் ஒரே அளவுதான் கிடைக்கும். ஆகவே ஹோஸ் பைப்பை இழுத்துவந்து, தாகமுள்ள திட்டுக்கு மட்டும் கையால் ஊற்றுகிறார்கள். சில திட்டுகள் பிடிவாதம் பிடிக்கும். நெடுநாள் காய்ந்த மணலின்மேல் மெழுகு போன்ற படலம் ஏறிவிடுவதால் தண்ணீர் தாமரை இலையில் நிற்பதுபோல் நிற்கும், உள்ளே இறங்காது. சோப்புக் குடும்பத்தைச் சேர்ந்த ஈரமூட்டும் மருந்தைக் கலந்து ஊற்றியதும் மண் மடமடவென்று குடிக்கத் தொடங்கும்!

நடுப்பகலில் இன்னொரு வேடிக்கை. புல்லின் நிறம் நீலச் சாம்பலாக மங்குகிறதா, மிதித்த காலடி எழும்பாமல் அப்படியே பதிந்து கிடக்கிறதா என்று நடந்து நடந்து பார்ப்பார்கள். அப்படியென்றால் புல் வாடத் தொடங்கிவிட்டது. உடனே சில நொடிகள் பூந்தூறலாக ஒரு தெளிப்பு. அது வேருக்குப் போவதில்லை. ஆவியாகிப் போகும்போது இலையின் சூட்டைத் தணித்துவிடும். எவ்வளவு கொஞ்சம் தண்ணீர், எவ்வளவு பெரிய உதவி!

கலிஃபோர்னியாக் கடற்கரையிலுள்ள பெபிள் பீச் மைதானத்தில் இதைவிட ஆச்சரியம். அங்கே 1994-லிருந்தே கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாய்ச்சுகிறார்கள். ஆரம்பத்தில் அதிலிருந்த உப்பு கிரீன் புல்லை வாட்டியது. உப்பை அலசி இறக்க நல்ல தண்ணீரைச் செலவழிக்க வேண்டியிருந்தது. பிறகு நம் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் அதே தொழில்நுட்பத்தைப் பெரிய அளவில் நிறுவினார்கள். ஊர் குளித்துவிட்ட தண்ணீரில் உலகப் புகழ்பெற்ற மைதானம் தழைக்கிறது!

தெற்கே பாலைவனத்துப் பாம் ஸ்பிரிங்ஸ் பக்கம் போனால் நமக்கு நெருங்கிய சொந்தம் ஒன்று காத்திருக்கிறது. அமெரிக்கர்கள் பெர்முடா புல் என்று கொண்டாடுவது நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல் இனம்தான்! மேலே காய்ந்தாலும் மண்ணுக்கடியில் தண்டு உறங்கிக் கிடக்கும். ஈரம் கண்டதும் துளிர்க்கும். அதை நம்பித்தான் ஏக்கர் ஏக்கராகத் தண்ணீரை நிறுத்தும் துணிச்சல் வருகிறது. இன்னும் பல இடங்களில், ஆட்டத்துக்குத் தேவைப்படாத ஓரப் புல்லைப் பெயர்த்துவிட்டுப் பாலைவனச் செடிகளை நட்டார்கள். பெயர்த்த ஒவ்வொரு சதுர அடிக்கும் தெற்குக் கலிஃபோர்னியாவின் குடிநீர் வாரியம் 2 டாலர் கொடுத்தது!

புல் பழுத்தால் ஆட்டம் கெடுமா? இங்கிலாந்தின் ஹாய்லேக்கில் 2006 ஓப்பன் போட்டியைப் பாருங்கள். வெயிலில் வறண்டு பழுப்பேறிய மைதானம். இறுகிய தரையில் பந்து தானாகவே நெடுந்தூரம் ஓடியது. நான்கு நாளிலும் சேர்த்து ஒரே ஒரு முறை மட்டுமே, பந்தை வெகுதூரம் அடிக்க உதவும் டிரைவர் மட்டையை எடுத்த டைகர் வுட்ஸ், தரையின் ஓட்டத்தைக் கணக்குப் போட்டே கோப்பையை வென்றார். பழுப்புத் தரை மூளைக்கு வேலை வைக்கிறது. அதனால் ஆட்டத்துக்குச் சுவை கூடுகிறது.

கோல்ஃப் ரசிகர்கள் பச்சையைக் கேட்டுப் பிடிவாதம் பிடிப்பதை விட்டால் போதும், மைதானங்களின் பாதித் தாகம் தீர்ந்துவிடும். எங்கே ஊற்றுவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அந்த விடியற்காலைப் படைக்கு அத்துபடி!