மண்ணுக்குள் மறையும் எண்ணெய்

எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பது அடுப்படியிற் புழங்கும் எவர்க்கும் தெரிந்ததே. இதனாலேதான், கிணற்றடியிற் சிறிது பெற்றோலோ மண்ணெண்ணெயோ சிந்திவிட்டால், ‘மேலே மிதப்பதை அள்ளிக் கொட்டிவிட்டாற் போயிற்று’ என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் பாதி உண்மை. மற்றப் பாதியை உரிய காலத்தில் அறியாமையாற் குடிநீருக்கு அல்லற்பட்ட ஊர்கள் உண்டு.

கண்டி மாநகரைக் கடந்து குண்டசாலை, திகனப் பக்கமாகச் செல்வோர் பல்லேகலையைக் காணாமற் செல்வதில்லை. 2009 ஆம் ஆண்டிற் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானம் அங்கு அமைந்த பின் அவ்வூரின் பெயர் உலகெங்கும் பரவிற்று. கைத்தொழிற் பேட்டையும் அங்கே உண்டு. அப்பாற் சென்றால், மகாவலியை மறித்துக் கட்டி 1985 இற் திறந்து வைத்த விக்டோரியா நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கிறது. தொழிற்சாலைக்கு டீசல் வேண்டும். வாகனத்துக்குப் பெற்றோல் வேண்டும். இவற்றினிடையே வாழும் குடும்பத்துக்கோ நல்ல நீர் வேண்டும். இவையெல்லாம் ஒரே நிலத்தின்மீது அமைந்திருக்கின்றன. பல்லேகலைக்கு மட்டுமன்றி, வளர்ந்துவரும் எந்தச் சிறு பட்டினத்துக்கும் இது பொருந்தும்.

எரிபொருள் என்பது தொழிற்சாலைக்காரரின் கவலை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2022 ஆம் ஆண்டின் தட்டுப்பாட்டுக் காலத்தில், நாட்கணக்காக வரிசையில் நின்று பெற்ற பெற்றோலைப் பிளாஸ்ரிக் கலன்களிற் சேர்த்து வைத்த வீடுகள் எத்தனை! அன்று எரிபொருள் நம் வீட்டுக் கூரையின் கீழேயே குடியேறியது. ஆகவே, அது மண்ணிற் சிந்தினால் யாது நிகழும், சிந்தியதை எவ்வாறு நீக்கலாம் என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்து வைத்தல் நன்று.

ஒரு போத்தற் சோதனை

மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வாயகன்ற கண்ணாடிப் போத்தலொன்றிற் கழுவிய ஆற்று மணலை முக்கால் அளவுக்கு நிரப்புங்கள். மணலின் பாதி உயரம்வரை நீர் நிற்குமாறு வாருங்கள். பின்பு, மிளகாய்த்தூளிட்டுக் காய்ச்சி வடித்ததாற் சிவப்பேறிய நல்லெண்ணெயை ஆறவைத்து, இரண்டு கரண்டி எடுத்து மேலே ஊற்றுங்கள். எண்ணெய் மணலினூடே இறங்கி, நீர்மட்டத்தை அணுகியதும் தயங்கிப் பக்கவாட்டிற் பரவும். பாதி உண்மை என்றோமே, அது இதுதான்.

இனி, போத்தலின் ஓரமாக அடிவரை செருகிய மெல்லிய குழாயினால் நீரைச் சிறிது வெளியே எடுத்தும், மீண்டும் வார்த்தும் பாருங்கள். நீர்மட்டம் இறங்கும்போது எண்ணெயும் உடன் இறங்கும். நீர் ஏறும்போது எண்ணெய் முழுவதும் ஏறி வருவதில்லை. ஒரு பகுதி மணலின் இடுக்குகளில் அகப்பட்டு, சிவந்த பட்டையாகத் தங்கிவிடும். மழைக்காலத்தில் உயர்ந்து கோடையிற் தாழும் நம் கிணறுகளின் நிலையும் இதுவேயாகும். ஒவ்வொரு பருவமும் அந்த எண்ணெயை மண்ணிற் பூசிப் பூசிச் செல்கின்றது. மேலே மிதப்பதை அள்ளினாலும், பூசுண்டது அங்கேயே இருக்கிறது.

போத்தலிற் காணமுடியாத இன்னொன்றும் உண்டு. பெற்றோல் ஒரே பொருளன்று. பல பொருள்களின் கலவை. அவற்றுட் சில நீரிற் சிறிதளவு கரைவன. பென்சீன் என்பது அவற்றுள் ஒன்று. புற்றுநோயை விளைவிக்கும் என்று ஐயத்துக்கிடமின்றி அறியப்பட்டது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நூற்றில் ஒரு பங்கு பென்சீன் உள்ள ஒரு லீற்றர் பெற்றோலைக் கொள்வோம். அதிலுள்ள பென்சீன் முழுவதும் கரையுமாயின், எட்டு இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட நீரை அவ்வளவுக்குக் கொண்டுவந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காணலாம். கண்ணுக்குத் தெளிந்த நீர் குடிக்கத் தகுந்த நீர் என்று கொள்ளலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சுன்னாகத்தில் நிகழ்ந்தது

இத்துயரை அனுபவித்து அறிந்த ஊர் நம் நாட்டிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கும் மழைநீரே அங்குள்ளோர்க்கு உயிர். அக்குடாநாட்டின் நடுவே, அனல் மின் நிலையங்கள் இயங்கிய சுன்னாகத்தில், சுற்றுப்புறக் கிணறுகளில் எண்ணெய் படர்வதாக மக்கள் முறையிட்டனர். 2013 ஆம் ஆண்டின் இறுதி தொடக்கம் 2014 ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையினர் 150 கிணறுகளைச் சோதித்தனர். அவற்றுள் 109 கிணறுகளில் எண்ணெய், கிரீஸ் ஆகியவற்றின் அளவு குடிநீருக்கு விதித்த எல்லையைத் தாண்டியிருந்தது.

வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ, தீங்கான பெற்றோலியப் பொருள்கள் நீரிற் காணப்படவில்லை என்னும் கருத்தை வெளியிட்டது. ஒரு சோதனை எண்ணெய்த் தன்மையுள்ள அனைத்தையும் சேர்த்து அளப்பது. இன்னொன்று பென்சீன் போன்றவற்றைத் தனித்தனியே தேடுவது. எதை, எவ்வாறு, எங்கே அளந்தனர் என்பதை மக்களுக்கு விளங்கச் சொல்லாவிடின், நிபுணர்கள் பேசப்பேச ஐயமே வளரும். வாளியைக் கையில் ஏந்தி நிற்கும் தாய்க்கு வேண்டியது ஒரே விடை: ‘இந்நீரைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா, ஆகாதா?’

2015 ஜனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றின் கட்டளையால் அங்கிருந்த தனியார் மின் நிலையத்தின் இயக்கம் நின்றது. 2019 ஏப்ரல் 4 ஆம் நாள் உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை வழக்கொன்றிற் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோர்க்கு நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்றும், ஒருவர்க்கு மிகக்கூடியது 40,000 ரூபா வழங்கலாம் என்றும் நீதிமன்றம் பணித்தது. மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்கவேண்டும் என்னும் நெறி இதனால் உறுதிபெற்றது, பெருமைக்குரிய தீர்ப்பே. ஆனால், 40,000 ரூபாவைக் கொண்டு ஒரு கிணற்றை இறைத்துச் சேறு அள்ளலாம். பாறை வெடிப்புக்குள் ஒளிந்திருக்கும் எண்ணெயை எந்தத் துலாவினால் இறைப்பது?

நீக்கும் வழிகள்

அவ்வாறாயின் வழியே இல்லையா? உண்டு. ஆனால் வரிசைப்படி செய்தல் வேண்டும். முதலாவது, கசிவை அடைத்தல். ஓட்டைத் தாங்கியை அப்படியே விட்டு மண்ணைச் சுத்தஞ் செய்வது, ஒழுகும் கூரையின் கீழ் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, மிதக்கும் எண்ணெயை எடுத்தல். இதற்கெனத் துளைத்த கிணறுகளின் வழியே எண்ணெயையும் அதன் ஆவியையும் மெல்ல உறிஞ்சுவர். சென்னை தண்டையார்பேட்டையில் 2013 இல் நிலத்தடிக் குழாயொன்றிலிருந்து பெற்றோலியம் கசிந்து வீடுகளின் ஆழ்குழாய்க் கிணறுகளிற் கலந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற அவ்விடயத்தில், நிலத்தைச் சீராக்கும் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. உறிஞ்சிய நீரை வடிக்கப் பயன்படுவனவற்றுள் ஒன்று, நுண்துளைகள் நிரம்புமாறு பக்குவப்படுத்திய கரி. தேங்காய்ச் சிரட்டையிலிருந்து அத்தகைய கரியைச் செய்து உலகச் சந்தைக்கு அனுப்பும் நாடுகளுள் நம் இலங்கையும் ஒன்று என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.

மூன்றாவது, மண்ணிற் பூசுண்டதை நீக்கல். இங்கே நமக்கு உதவ வருவன கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். எண்ணெயை உணவாகக் கொள்ளும் பற்றீரியாக்கள் எந்த மண்ணிலும் சில இருக்கவே செய்யும். மாசடைந்த மண்ணைத் தோண்டி, நீர் புகாத விரிப்பின்மேற் குவித்து, காற்றும் ஈரமும் பசளையும் அளவறிந்து ஊட்டினால் அவை பல்கிப் பெருகி எண்ணெயைத் தின்று தீர்க்கும். கூட்டெருக் குவியலைப் புரட்டத் தெரிந்த விவசாயிக்கு இது புதுமையன்று. வங்காளத்திற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய ஆனந்த மோகன் சக்கரவர்த்தி எண்ணெயுண்ணும் பற்றீரியம் ஒன்றையே ஆய்வுகூடத்தில் உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை வழங்கலாம் என்று 1980 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் கூறியது. ஆயினும், வெளிநிலத்திற் பெரும்பாலும் கைகொடுப்பவை அந்தந்த மண்ணில் வாழப் பழகிய உயிர்களே.

நான்காவது, அளந்துகொண்டு காத்திருத்தல். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திற் பெமிட்ஜி என்னும் ஊருக்கருகே 1979 ஓகஸ்ட் 20 ஆம் நாள் குழாயொன்று வெடித்து ஏறக்குறைய 17 இலட்சம் லீற்றர் மசகெண்ணெய் கொட்டியது. பெரும்பகுதியை அள்ளியும் எரித்தும் நீக்கிய பின்னரும் ஏறக்குறைய 4 இலட்சம் லீற்றர் நிலத்துள் எஞ்சியது. அறிவியலார் 1983 முதல் அவ்விடத்தை ஆராய்ந்து வருகின்றனர். கரைந்த நஞ்சை நுண்ணுயிர்கள் உண்டு அதன் பரவலைத் தடுக்கின்றன என்பது அங்கே தெளிவாயிற்று. அது நற்செய்தி. நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் எண்ணெய் அங்கே இருக்கிறது என்பது மறுசெய்தி.

மலைநாட்டு மண்

பல்லேகலையின் நிலம் சுன்னாகத்தின் நிலம் போன்றதன்று. கண்டிப் பகுதியிற் கீழே கடும்பாறை. அதன்மேல் அப்பாறையே உக்கி உண்டான மண். களித்தன்மை மிக்க மண் எண்ணெயை விரைந்து இறங்கவிடாது. இது ஒருவகையில் நன்மையே. அள்ளி எடுக்க நமக்குச் சற்று அவகாசம் கிடைக்கிறது. ஆனால், மலைச்சரிவில் ஒரு மழை பெய்தாற் போதும். மேலே தேங்கிய எண்ணெய் வாய்க்கால் வழியே மகாவலியை நாடும். பாறையின் வெடிப்பை அடைந்துவிட்டாலோ, அது எப்பக்கம் செல்லும் என்று சொல்லல் அரிது. திகனப் பக்கத்தில் வெட்டியெடுக்கும் தொலமைற்று போன்ற கல்லும் சுண்ணாம்புக் கல்லைப்போல் நீரினால் மெல்லக் கரையும் இனமாகும். ஆகவே, மலைநாட்டார் சுன்னாகத்தை வேற்றூர்ச் செய்தியாகக் கருதுதல் பொருந்தாது.

முதல் ஒரு மணி நேரம்

மேற்கூறிய வழிகளெல்லாம் பொருட்செலவு மிக்கவை. நிபுணர் கையில் உள்ளவை. நம் கையில் இருப்பது முதல் ஒரு மணி நேரம். எரிபொருள் சிந்தியதும் அடுப்பையும் விளக்கையும் அணைத்து, மின்விசைகளைத் தொடாது, பிள்ளைகளை அப்பாற் கொண்டுபோய், கலனை நிமிர்த்துக. மணலையோ மரத்தூளையோ தும்புத்தூளையோ சுற்றிலும் வரம்பாக இட்டுப் பின் மேலே தூவுக. அது உறிஞ்சியதையும், நனைந்த மண்ணையும் அள்ளி, மூடியுள்ள கலனில் இட்டு, வெயிலும் நெருப்பும் அணுகாத இடத்தில் வைத்து, உள்ளூராட்சிச் சபையாரிடம் ஒப்படைக்க வழி கேட்க. சவர்க்காரமிட்டுக் கழுவி வாய்க்காலில் விடலாகாது. அது எண்ணெயை நுண்துளிகளாக்கி மேலும் தூரம் அனுப்பும். அள்ளிய மண்ணை வேலிக்கப்பாற் கொட்டலுமாகாது.

கிணற்றிலேயே பெற்றோல் மணம் வீசினால், விளக்கை இறக்கிப் பார்ப்பதும் மோட்டாரை இயக்குவதும் ஆபத்து. கடுகி இறைத்தால் சுற்றிலுமுள்ள எண்ணெய் கிணற்றை நோக்கி வரவுங்கூடும். அந்நீரைக் கொதிக்க வைத்தாற் குற்றம் நீங்கிவிடும் என்று எண்ணுதலும் தவறு. கொதித்தல் கிருமியைக் கொல்லும். எரிபொருளுக்கு அது மருந்தன்று. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்து, சோதனை முடிவு வரும்வரை வேறு நீரைப் பயன்படுத்துவதே முறை. அயல்வீட்டாருக்கும் உடனே சொல்லுதல் வேண்டும். வெட்கத்தினால் மறைக்கப்படும் கசிவே நெடுந்தூரம் செல்லும் கசிவு. கிணறு நம் வேலிக்குள் இருக்கலாம்; அதன் ஊற்றுக்கு வேலி இல்லை.

எரிபொருட் கலனை வீட்டில் வைத்தே ஆகவேண்டுமெனில், கிணற்றுக்கும் அடுப்புக்கும் தொலைவாக, அகன்ற உலோகத் தட்டொன்றின்மேல் வைப்போம். சிந்துவதைத் தட்டு ஏற்றுக்கொள்ளும். துடைக்கச் சில நிமிடங்கள் போதும். அதே எண்ணெய் தட்டைக் கடந்து மண்ணுக்குள் இறங்கிவிட்டால், அதைத் தேடி நம் பிள்ளைகளின் பிள்ளைகளும் தோண்டிக்கொண்டிருக்க நேரும்.