‘முடியாது’ என்பது கணக்கா, பயமா?



“நமக்கு அதெல்லாம் ஒத்து வராது” என்ற சொல்லை நம் கடைகளில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறோம்! வங்கிக் கடனா? ஒத்து வராது. ஜி.எஸ்.டி.யா? மண்டையில் ஏறாது. கம்ப்யூட்டரா? அது படித்த பிள்ளைகளுக்கு. இப்படிச் சொல்லியே கதவைச் சாத்திக்கொண்டவர்களில் நானும் ஒருவன். அதனால் எனக்கு ஏற்பட்ட நஷ்டத்தை ரூபாய்க் கணக்காகவே சொல்கிறேன்.

பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். மளிகை மண்டியில் சம்பளத்துக்கு இருந்து, 1986-ல் சொந்தமாகப் பருப்பு, வத்தல் மொத்த வியாபாரம் தொடங்கினேன். 1988-ல் முதல் போதாமல் ஒரு வங்கிக்குப் போய்க் கடன் கேட்டேன். கொடுத்த விண்ணப்பம் முழுவதும் ஆங்கிலம். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்ட அதிகாரி, பத்துப் பேர் முன்னிலையில், “படிக்கத் தெரிஞ்ச ஆளு யாரையாவது கூட்டிட்டு வாய்யா” என்றார். பேசாமல் வெளியே வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஐந்து வருடம் கடன் கேட்டு எந்த வங்கிப் படியும் ஏறவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? வெளியில் மூன்று வட்டிக்கு ரூ.50,000 வாங்கினேன். மாதம் ரூ.1,500. வருடம் ரூ.18,000. ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் ரூ.90,000 கட்டினேன், அசல் அப்படியே நின்றது. வங்கி வட்டி அன்றைக்கு இதில் ஏறக்குறைய பாதிதான். ஆக, ஒரு மனிதர் சொன்ன ஒரு வார்த்தையை மனசில் பூட்டி வைத்ததற்கு நான் கொடுத்த விலை சுமார் ரூ.45,000.

பக்கத்துக் கடை அண்ணாச்சி மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். அவர் வங்கியில் கடன் வரம்பு வைத்து நடத்துகிறார் என்பது 1993-ல்தான் எனக்குத் தெரிந்தது. “உங்களுக்கு இங்கிலீஷ் வருமா அண்ணாச்சி?” என்று கேட்டேன். சிரித்தார்.

“எனக்கு எதுக்குத் தம்பி வரணும்? பாரத்தை ஆடிட்டர் பூர்த்தி பண்ணுவாரு. சரக்கு எவ்வளவு, வர வேண்டிய பாக்கி எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவுன்னு பேங்குக்காரன் கேப்பான். அது உனக்குத் தெரியாதா?”

எனக்கா தெரியாது? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேனே! அந்த அதிகாரி சொன்னது ஒரு காகிதத்தைப் பற்றி. நானோ அதை என் தகுதிக்கு எழுதிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டேன். மறு வாரமே கணக்குகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அண்ணாச்சியையும் உடன் அழைத்துப் போனேன். கை நடுங்கத்தான் செய்தது. பேப்பர் போதாது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை கிடைத்தது. முதல் வேலையாக மூன்று வட்டிக் கடனை அடைத்தேன்.

அன்று முதல் நான் கடைப்பிடிப்பவை மூன்று.

ஒன்று: ‘முடியாது’ என்று தோன்றினால் அதற்கான எண்ணை எழுதுங்கள். முதல் இல்லை, வாடகை கட்டுப்படி ஆகாது என்று எண் எழுத முடிந்தால் அது கணக்கு. அதற்கு மதிப்புக் கொடுங்கள். எழுத எண்ணே இல்லையென்றால் அது வெறும் பயம். 1.7.2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது, கடையையே மூடிவிடுகிறேன் என்றார் ஒரு சில்லறைக்காரர். நாற்பது வீட்டுப் பற்று வரவை மனப்பாடமாகச் சொல்லுகிறவர்! அவரைப் போன்றவர்களுக்கு ‘காம்போசிஷன்’ திட்டம் இருந்தது. 1.4.2019 முதல் அதன் வரம்பு ஆண்டு விற்பனை ரூ.1½ கோடி, வரி 1 சதவிகிதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டினால் போதும். வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, கொள்முதல் வரியைக் கழிக்க முடியாது என்ற நிபந்தனைகள் உண்டு. அது நமக்குப் பொருந்துமா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், பயந்து அல்ல.

இரண்டு: புதுச் சரக்கை ஒரு மூட்டை இறக்கிப் பார்த்த பிறகுதானே லோடு பிடிக்கிறோம்? புது வழியையும் அப்படியே சிறிதாகச் செய்து பாருங்கள். நஷ்டம் வந்தாலும் ஒரு மூட்டையோடு போகும்.

மூன்று: தெரிந்தவரிடம் கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கேட்காமல் நான் கட்டிய வட்டியை மேலே பார்த்தீர்கள்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. என் கடையில் மூட்டை இறக்கும் பையன் ஒருவன், ஒரு நாள் பில் புத்தகத்தை எடுத்து எழுதிப் பழகிக்கொண்டிருந்தான். “உனக்கு எதுக்குடா இது? போய் மூட்டையைப் பாரு” என்று அதட்டினேன். சில வருடம் கழித்து, பில் போட ஆள் இல்லாதபோது நானே அவனைக் கூப்பிட்டேன். “வேண்டாம் முதலாளி, எனக்கு அதெல்லாம் வராது” என்றான். அந்த அதிகாரி எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்திருக்கிறேன்! நான் ஐந்து வருடத்தில் மீண்டேன். அவன் கடைசி வரை பில் புத்தகத்தைத் தொடவே இல்லை.

குறித்த காலத்துக்கு ஒரு முறை தராசுக்கு மறுமுத்திரை வைக்கிறோம். நம் மனசில் கிடக்கும் பழைய ‘முடியாது’களையும் ஆண்டுக்கு ஒரு முறை எடுத்து எடை போட்டுப் பாருங்கள். நம் கடைப் பிள்ளைகள் மனசில் நாம் போட்டு வைத்தவற்றை அதற்கும் முன்னால் எடுத்துவிடுங்கள்.