கடல் அட்டையை எண்ணப் போவது யார்?

அஸர் தொழுகை முடிந்து பள்ளியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு சகோதரர் நம்மிடம் வந்தார். மன்னார் வளைகுடாக் கரையோர ஊர்க்காரர். வாலிபத்தில் சங்கு குளித்தவர், அட்டை எடுத்தவர். அவருடைய மகன் கடல் அட்டை மூட்டையுடன் பிடிபட்டு வழக்கில் இருக்கிறான். "ஹஜ்ரத், அட்டையை அல்லாஹ்தானே படைச்சான்? யாரு வீட்டுலயும் பூந்து எடுக்கலையே, கடல்லதானே எடுத்தான். இது எப்படிக் குத்தமாகும்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். கடலில் கிடப்பது யாருடைய தனிச்சொத்தும் அல்ல, உழைத்து எடுத்தவருக்கே அது உரியது என்பது நாம் மதரஸாவில் ஓதிய பாடம். ஆனால் ஆகுமான ஒரு செயலையே பொது நலனுக்காக ஆட்சியாளர் கட்டுப்படுத்தலாம் என்பதும் அதே மதரஸாவில் ஓதியதுதான். அப்படியானால் இங்கே பொது நலன் எது, கட்டுப்பாடு எவ்வளவு தேவை என்று யார் சொல்வது? அன்று அவருக்கு நம்மால் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. நாமும் மதரஸாவுக்குப் பிறகு கல்லூரியில் கலைப் பட்டம் படித்தவர்தான்; உயிரியல் நம் துறை அல்ல. பிறகு தேடிப் படித்ததையும் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டதையும் இங்கே எழுதுகிறோம்.

கடல் அட்டை குளத்து அட்டையின் இனம் அல்ல. நட்சத்திர மீனுக்கு உறவான உயிரினம். கடலடி மணலை விழுங்கி, அதிலுள்ள மட்கிய பொருளைச் செரித்து, சுத்தமான மணலை வெளியே தள்ளும். வயலில் மண்புழு செய்யும் வேலையைக் கடலில் இது செய்கிறது. நம் நாட்டில் இதை உண்பவர் அரிது. குடலை நீக்கி, அவித்து, மணலில் புதைத்து மேல்தோலைக் கழற்றி, மறுபடி அவித்து, வெயிலில் காயவைத்து சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் அனுப்பினார்கள். இராமநாதபுரம் மாவட்டக் கரையில் நம் மக்களில் பல குடும்பங்களுக்கு இதுவே தொழிலாக இருந்தது. குளித்தவர், அவித்தவர், ஏற்றுமதி செய்தவர் என்று மூன்று நிலைகளிலும் நம்மவர்கள் இருந்தார்கள்.

1982-ல் மூன்று அங்குலத்துக்குக் குறைந்த அட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது. சின்னதைப் பிடிப்பது அப்போதும் நிற்கவில்லை. 2001-ல் கடல் அட்டை வகைகள் அனைத்தையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கும் யானைக்கும் உரிய அட்டவணை அது. ஒரே அறிவிப்பில் ஒரு தொழிலே குற்றமானது. கடலின் அந்தப் பக்கம் இலங்கையில் உரிமம் பெற்று அட்டை எடுக்கலாம். பண்ணை வைத்தும் வளர்க்கிறார்கள். இந்தப் பக்கம் எடுத்தால் சிறை. நம் பிள்ளைகள் சிலர் இந்த வித்தியாசத்தில் பணம் பார்க்கத் துணிந்து வாழ்க்கையைத் தொலைக்கிறார்கள்.

இத்தனை ஆண்டுகள் பிடிக்காமல் விட்டால் அட்டை பெருகியிருக்காதா என்று அந்தச் சகோதரர் கேட்டார். இங்கேதான் சூழலியல் ஆய்வு என்பது என்ன வேலை என்று நமக்குப் புரிந்தது. வெள்ளை அட்டையில் ஆண் வேறு, பெண் வேறு. இரண்டும் கூடுவதில்லை. ஆண் தன் விந்தையும் பெண் தன் முட்டையையும் கடல் நீரில் விட்டுவிடும். அருகருகே இருந்தால்தான் அவை சந்திக்கும். ஓர் இடத்தில் அட்டை மிகவும் குறைந்து, ஒன்றுக்கொன்று தொலைவாகிவிட்டால், ஒவ்வொரு பெண் அட்டையும் லட்சக்கணக்கில் முட்டை விட்டாலும் பலன் இருக்காது. அதற்குப் பிறகு பிடிப்பதை நிறுத்தினாலும் அந்த இடம் உடனே தேறிவிடாது. அடர்த்தி தப்பிப் பிழைத்த இடங்களிலோ நன்றாகவே பெருகியிருக்கலாம். ஆகவே "நிறையக் கிடக்கிறது" என்று மீனவர் சொல்வதும், "இன்னும் தேறவில்லை" என்று விஞ்ஞானி சொல்வதும் வெவ்வேறு இடங்களைப் பற்றிய உண்மைகளாக இருக்க இடமுண்டு.

இதைத் தீர்க்க ஒரே வழி எண்ணுவதுதான். கடலடியில் கயிற்றை நேராக விரித்து, அதன் இருபுறமும் குறித்த அகலத்துக்குள் கிடப்பதையெல்லாம் எண்ணி, நீளம் அளந்து எழுதுவார்கள். அதையே பருவம்தோறும், ஆண்டுதோறும், அதே இடத்தில் செய்ய வேண்டும். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அட்டை சில நேரங்களில் மணலுக்குள் புதைந்துகொள்ளும். அந்த நேரத்தில் எண்ணப் போனவர் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு வருவார். எந்த நேரத்தில் புதையும், எப்போது மேலே வரும் என்பது நம் குளியாளிகளுக்குத் தெரியும். அந்த அறிவு அறிக்கைக்குள் ஏற, அந்த வீட்டிலிருந்து ஒருவர் அறிக்கை எழுதும் இடத்தில் இருக்க வேண்டும்.

உமர் (ரலி) அவர்களின் காலத்து நிகழ்ச்சி ஒன்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. அரசு காப்பு நிலமாக அறிவித்த ஹிமா என்னும் மேய்ச்சல் நிலத்துக்கு, விடுதலை பெற்ற தம் அடிமை ஹுனை என்பவரைப் பொறுப்பாளராக நியமித்தார்கள். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே வைத்திருக்கும் ஏழையை உள்ளே விடும்படியும், இப்னு அவ்ஃபு, இப்னு அஃப்ஃபான் போன்ற செல்வந்தர்களின் கால்நடைகளைத் தவிர்க்கும்படியும் சொன்னார்கள். செல்வந்தருக்கு வேறு வழி இருக்கிறது. ஏழையின் மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு கலீஃபாவின் வாசலில் வந்து நிற்பான் என்று காரணமும் சொன்னார்கள். நிலத்தைக் காப்பதும் அதை நம்பி வாழ்பவனைக் காப்பதும் அந்த ஒரே உத்தரவில் இருக்கின்றன. ஆனால் எந்த நிலம் எத்தனை ஆட்டைத் தாங்கும் என்று தெரிந்தவர் இல்லாமல் அப்படி ஓர் உத்தரவைப் போட முடியாது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் ஒரு குறையைச் சொல்கிறார்கள். பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லை. மருத்துவம் ஃபர்ளு கிஃபாயாவாக இருந்தும் எல்லோரும் ஃபிக்ஹு படிக்கவே முண்டியடிக்கிறார்கள் என்று வருந்துகிறார்கள். இன்று நிலைமை தலைகீழ். எல்லோரும் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் முண்டியடிக்கிறோம். நம் ஊர்க் கடலைப் படிக்க ஆளில்லை.

படிக்க இடம் தூரத்தில் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் நம் மக்கள் நிறைந்து வாழும் பரங்கிப்பேட்டையிலேயே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்தவர்கள் மீன்வளப் பட்டப்படிப்புக்கு, நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் விண்ணப்பிக்கலாம். தூத்துக்குடி கல்லூரி அவற்றில் பழையது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகள் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. இன்றும் அங்கே அதற்கு ஒரு மையம் உண்டு. 1988-ல் வெள்ளை அட்டைக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கிக் காட்டியவர்கள் இதே நிலையத்தின் தூத்துக்குடி மையத்து விஞ்ஞானிகள்தாம். நிலத்து உயிரினங்களில் நாட்டம் உள்ளவர்களுக்கு டேராடூன் வன உயிரின நிறுவனமும், கோவையில் பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரில் உள்ள மையமும் இருக்கின்றன. பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதால் அரசு விலங்கியல் வேலை கைநழுவிப்போன மனிதர் சாலிம் அலி. பின்னாளில் பத்ம விபூஷண் பெற்றார்.

வருமானத்தைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பட்டம் முடித்த கையோடு வளைகுடா நாட்டுச் சம்பளம் கிடைக்கும் துறை அல்ல இது. நெட் தேர்வில் ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் தருகிறார்கள். அந்தத் தேர்வு கடினமானது. தகுதி பெறாதவர்கள் திட்டப் பணியாளராகக் குறைந்த தொகைக்கு வேலை செய்கிறார்கள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை மத்திய அரசு 2022-ல் நிறுத்திவிட்டது. அந்த இடத்தை நம் ஜமாஅத்துகளும் கல்வி அறக்கட்டளைகளும் ஓரளவாவது நிரப்பலாம். மருத்துவ மாணவர் ஒருவருக்கு ஓராண்டு கொடுக்கும் தொகையில் கடல் உயிரியல் மாணவர் ஒருவர் முதுகலையையே முடித்துவிடுவார் என்பது நம் மதிப்பீடு.

பெண் பிள்ளைகள் கடலுக்கும் காட்டுக்கும் போவதா என்று பெற்றோர் தயங்குவது நமக்குத் தெரியும். இத்துறையில் பாதி வேலை ஆய்வகத்திலும் கணினியிலும்தான். இனம் பிரித்து அடையாளம் காண்பது, மரபணுப் பரிசோதனை, புள்ளிவிவரக் கணக்கு எல்லாம் அங்கே நடப்பவை. களத்துக்குப் போக வேண்டிய நாட்களில் குழுவில் பெண்கள் உண்டா, தங்குமிடம் எப்படி என்று சேர்வதற்கு முன்பே துறையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்காமலேயே வேண்டாம் என்று முடிவு செய்வதைத்தான் நாம் ஏற்கவில்லை.

கல்லூரிக்குப் போகாதவர்களுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் ஒரு மேலாண்மைக் குழு அமைத்து, அந்த ஊர் உயிரினங்களையும் அவற்றைப் பற்றி மக்கள் அறிந்தவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். பல ஊர்களில் இது பெயரளவில்தான் நடக்கிறது. உங்கள் பஞ்சாயத்து அல்லது நகராட்சி அலுவலகத்தில் அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். அதில் உங்கள் கரையின் அட்டையும் சங்கும் பாசியும் இருக்கின்றனவா, யார் சொல்லி எழுதினார்கள் என்று பாருங்கள்.

அந்தச் சகோதரர் கிளம்பும்போது, மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு விலங்கியல் படிக்கக் கேட்கிறாள், "அதப் படிச்சு என்னத்த ஹஜ்ரத் பண்றது" என்று சலித்துக்கொண்டார். அடுத்த ஜும்ஆவுக்கு வந்தவரிடம், எத்தனை வகை அட்டை உங்களுக்குத் தெரியும் என்று கேட்டோம். விரல் மடக்கிச் சொல்லத் தொடங்கினார். எது சேற்றில் கிடக்கும், எது பாரில் ஒட்டும், எது தொட்டால் நூல் நூலாகக் கக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் வந்தது. இதையெல்லாம் மகளிடம் சொல்லி ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள் என்றோம். போன வாரம் அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். பதினோரு பெயர்கள். ஒன்பதாவதற்கு எதிரே அந்தப் பெண், "வாப்பா பார்த்தது ஒரே ஒரு தடவை" என்று எழுதியிருந்தாள்.