தலைவலி என்றால் சாக்கா?

"அம்மா, தலையை வலிக்கிறது!"

காலை மணி எட்டு. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. இந்தச் சமயத்தில் இதைக் கேட்டால், "ஏன், இன்றைக்குக் கணக்குப் பரீட்சையா?" என்றுதான் எந்தத் தாய்க்கும் கேட்கத் தோன்றும். சில நாள் அந்தச் சந்தேகம் சரியாகவும் இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலும் வலிக்கிறதா? குழந்தை விளையாட்டை விட்டுவிட்டு இருட்டு அறையைத் தேடிப் போய்ப் படுக்கிறதா? அப்படியானால் அது சாக்கு அல்ல, சகோதரிகளே.

ஒற்றைத் தலைவலி பெரியவர்களின் சொத்து என்றல்லவா எண்ணிக்கொண்டிருக்கிறோம்? ஸ்வீடன் தேசத்தில் பில்லே என்ற குழந்தை வைத்தியர், உப்ஸாலா நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் சுமார் 9,000 பேரை ஆராய்ந்து 1962-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். 7 வயது முதல் 15 வயது வரையில், நூற்றுக்கு ஏறக்குறைய 4 பேருக்கு இது இருந்தது. 1994-ல் ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்துப் பிள்ளைகளைப் பற்றி வெளியான கணக்கிலோ நூற்றுக்குப் பத்துக்கு மேல்! வியாதியே இரட்டித்துவிட்டதென்று பயப்பட வேண்டாம். எதை இந்த வலி என்று எண்ணுவது என்ற அளவுகோல் இடையில் மாறியிருந்தது. எப்படிப் பார்த்தாலும் 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஓரிருவராவது இருப்பார்கள். சிறு வயதில் ஆண் பிள்ளைகளுக்கும் சரிசமமாக வருகிறது. பருவமடைந்த பிறகுதான் பெண்களின் பங்கு ஏறுகிறது.

பின்னே ஏன் நம் கண்ணில் படுவதில்லை? பெயரே நம்மை ஏமாற்றுகிறது. 'ஒற்றை' என்கிறோம், பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் நெற்றி முழுவதும், இரு பக்கமும் வலிக்கும். நாள் கணக்கில் நீடிக்காமல் இரண்டொரு மணியில் தீர்ந்துவிடவும் கூடும். ஒரு முறை வாந்தி எடுத்து, தூங்கி எழுந்தால், சாயங்காலம் பந்தாட ஓடும். பார்க்கிறவர்கள் 'காலையில் நடித்தது' என்பார்கள்! சில குழந்தைகளுக்குத் தலைக்குப் பதில் வயிறு விட்டு விட்டு வலிக்கும். அதுவும் இதற்கு உறவுதான்.

கண்ணாடி போட்டால் போய்விடும் என்ற நம்பிக்கை வீட்டுக்கு வீடு உண்டு. கண்ணைப் பரிசோதிப்பது நல்லதே. ஆனால் இந்த வலி பெரும்பாலும் கண்ணாடிக்கு அடங்காது. உங்களுக்கோ பாட்டிக்கோ உண்டா என்று யோசித்துப் பாருங்கள். இது குடும்பத்தில் தொடர்வது. இட்லியைத் தட்டிலேயே விட்டு ஓடுவது, ராத்திரி கண் விழிப்பது, தண்ணீர் குடிக்காமல் வெயிலில் அலைவது எல்லாம் வலியைக் கிளப்பிவிடும். வலி வந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். டாக்டருக்கு அதைவிட உதவியானது வேறில்லை.

ஆஸ்பிரின் மாத்திரையை நீங்களாகக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். ஜுரத்தோடு சேர்ந்தால், அபூர்வமாக, ஈரலையும் மூளையையும் தாக்கிவிடும். தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, விடியற்காலை வாந்தி, நடையில் தள்ளாட்டம், ஒன்று இரண்டாகத் தெரிவது, ஜுரத்தோடு கழுத்து விறைப்பு - இவற்றில் எது தென்பட்டாலும் காலண்டரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.