இரவிகுளம் தேசியப் பூங்கா, மூணாறு: பயணத் திட்டமிடல்

இரவிகுளம் தேசியப் பூங்கா கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதியில் அமைந்துள்ளது. இதன் பரப்பு 97 சதுர கி.மீ. 1975-இல் காட்டுயிர்ச் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் இது அறிவிக்கப்பட்டது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இங்கேயே உள்ளது. பார்வையாளர்கள் தங்குவதற்கு ஏற்ற அருகிலுள்ள ஊர் மூணாறு. முதிரப்புழா, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடும் இடமாதலால் ஊருக்கு இப்பெயர் வந்தது.

பலர் முதலில் விடுதி அறையைப் பதிவு செய்துவிட்டுப் பிறகே பூங்காவைப் பற்றி விசாரிக்கின்றனர். இந்தப் பயணத்திற்கு அந்த வரிசை பொருந்தாது. ஊர் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும், பூங்கா அப்படியல்ல.

பூங்கா மூடப்படும் காலம்

தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு உலகிலேயே அதிக எண்ணிக்கையில் வாழும் இடம் இரவிகுளம். வரையாடுகள் பெரும்பாலும் குளிர்காலத்தின் பிற்பகுதியில் குட்டி ஈனுகின்றன. ஓர் ஈற்றில் வழக்கமாக ஒரு குட்டியே பிறக்கும். மனித நடமாட்டத்தால் மந்தை மிரண்டு ஓடினால், செங்குத்தான பாறைச் சரிவுகளில் இளங்குட்டி தாயைப் பிரிய நேரிடலாம். எனவே பொதுவாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்கா பார்வையாளர்களுக்கு மூடப்படுகிறது. மூடும் நாளையும் திறக்கும் நாளையும் கேரள வனத்துறை ஆண்டுதோறும் அறிவிக்கிறது. அந்த அறிவிப்பைப் பார்த்த பின்னரே பயண நாளை முடிவு செய்ய வேண்டும்.

ஏற்ற பருவம்

ஏப்ரல், மே மாதங்களில் புதிய குட்டிகளுடன் மந்தைகளைக் காணலாம். ஆனால் பள்ளி விடுமுறைக் காலமாதலால் கூட்டம் மிகுதி. ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவமழை கடுமையாக இருக்கும். மண்சரிவால் மலைச்சாலைகள் அடைபடுவதுண்டு. மழை ஓய்ந்தபின் வரும் மாதங்களில் மலை பசுமையாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலைக் குளிர் கடுமையானது. சில நாள்களில் உறைபனியும் படியும்.

12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இங்கு 2006-லும் 2018-லும் பெருமளவில் மலர்ந்தது. அடுத்த பெரும்பூப்பு 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது. மற்ற ஆண்டுகளில் குறிஞ்சிக்காக மட்டும் பயணம் வகுப்பது ஏமாற்றமாகவே முடியும்.

நுழைவும் விதிகளும்

பூங்காவின் இராஜமலைப் பகுதிக்கு மட்டுமே சுற்றுலாப் பயணிகள் அனுமதிக்கப்படுகின்றனர். சொந்த வாகனத்தை நுழைவிடத்தில் நிறுத்திவிட்டு, வனத்துறைப் பேருந்தில் மேலே செல்ல வேண்டும். அங்கிருந்து குறிப்பிட்ட பாதையில் நடந்து பார்த்துத் திரும்பலாம். ஆனைமுடியைத் தொலைவிலிருந்து காணலாம். இராஜமலை நுழைவுச்சீட்டு அதன் உச்சிக்கு ஏறுவதற்கான அனுமதியாகாது. ஒரு நாளில் அனுமதிக்கப்படுவோரின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு; விடுமுறை நாள்களில் இணையவழி முன்பதிவு அவசியம். பிற்பகலில் மூடுபனி இறங்கினால் எதிரிலிருக்கும் மலைகூடத் தெரியாது. ஆகவே காலை நேரச் சீட்டே சிறந்தது.

நீண்டகாலப் பாதுகாப்பால் இராஜமலை வரையாடுகள் மனிதரைக் கண்டு அவ்வளவாக அஞ்சுவதில்லை, பாதையோரத்திலேயே மேயும். அவற்றைத் தொடுவதும், தின்பண்டம் கொடுப்பதும், படமெடுப்பதற்காக விரட்டுவதும் கூடாது. நெகிழிப் பைகளையும் உணவுப் பொட்டலங்களையும் எடுத்துச் செல்லாமல் இருப்பது நல்லது.

செல்லும் வழி

தமிழ்நாட்டிலிருந்து இரண்டு முக்கியச் சாலைகள் உள்ளன. மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து வருவோர் போடிநாயக்கனூர், போடிமெட்டு வழியாக மூணாறை அடையலாம். கோவை, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வருவோருக்கு உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழி ஏற்றது. இந்த இரண்டாவது வழியில் மூணாறுக்குச் சற்று முன்பாகவே பூங்காவின் நுழைவிடம் வந்துவிடும். சின்னாறு யானைகள் நடமாடும் காடு என்பதால் அதைப் பகலிலேயே கடக்க வேண்டும். கொண்டையூசி வளைவுகள் நிறைந்த இச்சாலைகளில் பயண நேரத்தைச் சமவெளிக் கணக்கில் போடக் கூடாது.

மூணாறில் தங்குதல்

இரண்டு இரவுகள் தங்குவது வசதியானது. முதல் நாள் வந்து சேர்ந்து ஓய்வெடுக்கலாம். மறுநாள் காலை பூங்கா, மாலையில் நல்லதண்ணியிலுள்ள தேயிலை அருங்காட்சியகம். மூன்றாம் நாள் மாட்டுப்பட்டி அணை, குண்டளை ஏரி, டாப் ஸ்டேஷன் ஆகியவை ஒரே சாலையில் அமைந்துள்ளன. மழையாலோ மூடுபனியாலோ பூங்காப் பயணம் தடைப்பட்டால், சீட்டுக் கிடைக்கும் நிலையில் இந்த மூன்றாம் நாள் காலை கைகொடுக்கும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர். எனவே ஊரில் தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம்.

பாதுகாப்பின் பயன்

பூங்காவின் புல்வெளிகளும் சோலைக்காடுகளும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிவைத்து, சிறுகச் சிறுக ஓடைகளில் விடுகின்றன. அந்நீரின் ஒரு பகுதி பெரியாற்றைச் சேர்கிறது. இன்னொரு பகுதி பாம்பாற்றின் வழியே அமராவதி அணைக்கு வந்து உடுமலைப்பேட்டை, தாராபுரம் பகுதி வயல்களுக்குப் பாய்கிறது. பூங்கா மூடப்படும் வாரங்களும், நுழைவுக்கான வரம்பும், நடைபாதையைத் தாண்டக் கூடாது என்ற விதியும் வரையாட்டோடு சேர்த்து இந்த நீரூற்றையும் காக்கின்றன.