செப்டம்பரில் காலாவதியாகும் கால்பந்து

2019 செப்டம்பரில் பெல்ஜியம் கால்பந்து வீரர் ரொமேலு லுகாகு ட்விட்டரில் பொரிந்து தள்ளினார். கோபம் நடுவர் மீதும் இல்லை, கிளப் மீதும் இல்லை. அந்த மாதம் வெளிவரவிருந்த ‘ஃபிஃபா 20’ வீடியோ கேம் வீரர்களின் திறமைக்குப் போட்ட மதிப்பெண்கள் மீது. வீரர்களைப் புலம்ப வைத்தால் இலவச விளம்பரம் கிடைக்கும், அதற்காகவே இவர்கள் எங்கள் மதிப்பெண்ணைக் குளறுபடி செய்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். அவருடைய நாட்டுக்காரர் மிச்சி பட்சுவாயியும் இதே புலம்பலைச் சில ஆண்டுகளாக வேடிக்கையாக நடத்திவந்தவர்தான். லுகாகுவின் சந்தேகம் சரியோ தவறோ, அவர் பதிவு செய்தியானது. கேமின் பெயர் இன்னொரு முறை ஊடகங்களில் அடிபட்டது. அதற்காகக் கேம் நிறுவனம் ஒரு காசு செலவழிக்கவில்லை.

அந்த நிறுவனம் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். சுருக்கமாக இஏ. அதன் கனடா ஸ்டூடியோவில் உருவான ‘ஃபிஃபா இன்டர்நேஷனல் சாக்கர்’ 1993 டிசம்பரில் சேகா கன்சோலுக்கு வந்தது. அதில் நாடுகளின் பெயர் நிஜம், வீரர்களின் பெயர் கற்பனை. வீரர் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிஃப்ப்ரோவிடம் உரிமம் வாங்கிய பிறகு, ‘ஃபிஃபா 96’-ல்தான் உண்மையான பெயர்கள் வந்தன. அன்று முதல் இன்று வரை வருடத்துக்கு ஒன்று. 2021 வாக்கில் மொத்த விற்பனை 32.5 கோடிப் பிரதிகளைத் தாண்டியிருந்தது.

கால்பந்தின் அடிப்படை விதிகள் வருடா வருடம் மாறுவதில்லை. கோல் கம்பத்தின் அகலமும் மாறுவதில்லை. அப்படியிருக்க, போன வருடம் வாங்கியவரையே இந்த வருடமும் முழு விலை கொடுத்து வாங்க வைப்பது எப்படி? ஒரு பதில், வீரர்கள் கிளப் மாறுகிறார்கள் என்பது. ஐரோப்பாவில் கோடைக்காலப் பரிமாற்றம் முடிந்ததும் ரசிகருக்குப் பழைய அணிப் பட்டியல் பிடிக்காமல் போய்விடுகிறது. இந்த ஒரு காரணமே போதும் என்பதற்கு நின்டெண்டோ ஸ்விட்ச் சாட்சி. ‘ஃபிஃபா 20’ முதல் ‘ஃபிஃபா 23’ வரை அந்தக் கருவிக்கு ‘லெகஸி எடிஷன்’ என்ற பெயரில் வந்ததில் ஆட்டம் பழசுதான்; ஜெர்சியும் பட்டியலும்தான் புதுசு. நிறுவனமே அதை மறைக்காமல் சொல்லி, நான்கு வருடம் விற்றது. இந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

மற்ற கருவிகளில் வேலை இன்னும் நுணுக்கமாக நடக்கிறது. அட்டைப்படத்தில் யார் என்பதே ஒரு அறிவிப்பு விழா. ரொனால்டோ, எம்பாப்பே, ஹாலண்ட் என்று அந்தந்தக் காலத்தின் முகம் வரும். ‘ஃபிஃபா 23’ அட்டையில் எம்பாப்பேவுடன் ஆஸ்திரேலியாவின் சாம் கெர் வந்தார். உலகளாவிய அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். அடுத்து, மதிப்பெண்களைத் தவணை முறையில் வெளியிடுவார்கள். கூடுதல் விலையுள்ள ‘அல்டிமேட் எடிஷன்’ வாங்கினால் மற்றவர்களுக்கு ஒரு வாரம் முன்னதாக ஆடலாம். ஏழு நாள் பொறுமையின்மையையும் விலைபோட்டு விற்க முடியும் என்று கண்டுபிடித்தவர் பெரிய ஆள்.

உரிமங்கள்தான் போட்டியாளரை அடித்த ஆயுதம். ஜப்பானின் கொனாமி தயாரித்த ‘ப்ரோ எவல்யூஷன் சாக்கர்’ ஆட்ட நயத்தில் மேலானது என்று ஒரு தலைமுறை ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள். ஆனால் அதில் மான்செஸ்டர் யுனைடெட் ‘மேன் ரெட்’ என்ற பெயரில் ஆடிய காலம் உண்டு. இஏவுக்கும் அந்த அடி விழுந்தது. ஜுவென்டஸ் கிளப் கொனாமியுடன் தனி ஒப்பந்தம் போட்டபோது, ரொனால்டோ ஆடிக்கொண்டிருந்த அந்த அணி ‘ஃபிஃபா 20’-ல் ‘பியமோன்டே கால்சியோ’ என்ற ஒட்டுப்போட்ட பெயரில் வந்தது. அப்படியும் மொத்தக் கணக்கில் இஏவின் கைதான் ஓங்கியிருந்தது. ‘ஃபிஃபா 22’-ல் இந்தியன் சூப்பர் லீகும் சேர்ந்தது. சென்னையின் எஃப்சி ஜெர்சியில் ரியல் மாட்ரிட்டை எதிர்த்து ஆடும் வாய்ப்பு அப்படித்தான் நம்மூர்ப் பையன்களுக்கு வந்தது. கொனாமி 2021-ல் பழைய பெயரையே கைவிட்டு, ‘ஈஃபுட்பால்’ என்ற இலவச கேமாக மாறிவிட்டது.

ஆனால் பெரிய பணம் கேமை விற்பதில் இல்லை. வாங்கி முடித்த பிறகுதான் அது தொடங்குகிறது.

2009 மார்ச்சில் ‘ஃபிஃபா 09’-க்கு ஒரு கூடுதல் பகுதி வந்தது. பெயர் ‘அல்டிமேட் டீம்’. வீரர்கள் இங்கே கார்டுகளாக இருப்பார்கள். கார்டுகளைச் சேர்த்து, கனவு அணி அமைத்து, இணையத்தில் மற்றவரின் அணியோடு மோதலாம். கார்டுகள் பேக்குகளில் வரும். பிரித்தால்தான் உள்ளே யார் என்று தெரியும். ஆடி ஆடிச் சேர்த்த காயின்களைக் கொடுத்துப் பேக் வாங்கலாம். பொறுமை இல்லாதவர் நிஜப் பணத்தில் ‘பாயின்ட்’ வாங்கி, அதைக் கொடுத்துப் பேக் வாங்கலாம். 12,000 பாயின்ட் ஏறத்தாழ 100 டாலர். பணம் முதலில் பாயின்டாக மாறி, பாயின்ட் பேக்காக மாறி, பேக் கார்டாக மாறும்போது, ஒரு கார்டுக்கு எவ்வளவு அழுதோம் என்ற மனக்கணக்கு வழியில் எங்கோ தொலைந்துபோகும். அதற்காகவேதான் அந்த ஏற்பாடு.

2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் இஏவுக்கு அல்டிமேட் டீம் வழியாக வந்த வருமானம் 162 கோடி டாலர். இது கால்பந்து, அமெரிக்கன் ஃபுட்பால், ஐஸ் ஹாக்கி கேம்கள் மூன்றும் சேர்ந்த கணக்கு. பெரும் பங்கு கால்பந்துக்கு. நிறுவனத்தின் மொத்த வருமானத்தில் இது 29 சதவீதம். ஒரு துண்டு பிளாஸ்டிக்கும் தயாரிக்காமல், லாரியில் ஏற்றாமல், கடை வாடகை கொடுக்காமல் வந்த பணம்.

இந்த இயந்திரம் வாரக் கணக்கில் ஓடுகிறது. நிஜ மைதானத்தில் கலக்கிய வீரர்களுக்கு வாராவாரம் ‘டீம் ஆஃப் த வீக்’ கார்டு. ஜனவரியில் ‘டீம் ஆஃப் த இயர்’. சீசன் முடியும் நேரத்தில் ‘டீம் ஆஃப் த சீசன்’. நடுவில் பிளாக் ஃப்ரைடே, பிறந்தநாள் கொண்டாட்டம் என்று ஏதாவது ஒன்று. ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடச் சற்று வலுவான கார்டுகள் வரும். அக்டோபரில் ராஜாவாகத் திரிந்த 86 மதிப்பெண் வீரர் பிப்ரவரியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். விளம்பரத்தை ரசிகர்களே பார்த்துக்கொள்கிறார்கள். பேக் பிரிக்கும் காட்சியை யூடியூபில் போடுவது தனி வகையாகவே வளர்ந்தது. இன்று குத்துச்சண்டையும் பானமுமாகப் பெரும் வியாபாரியாகிவிட்ட பிரிட்டன் யூடியூபர் கேஎஸ்ஐ, ஃபிஃபா வீடியோக்களில் தொடங்கியவர்தான்.

சுரண்டல் லாட்டரியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. சட்டத்துக்கு மட்டும் புரியச் சிரமமாக இருந்தது. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் ‘ஃபிஃபா 18’ உள்ளிட்ட கேம்களின் பேக்குகள் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்றது. 2019 ஜனவரி 31 முதல் இஏ அங்கே பாயின்ட் விற்பதை நிறுத்தியது. நெதர்லாந்து ஆணையம் ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. மாவட்ட நீதிமன்றம் 2020-ல் அதை ஏற்றது. ஆனால் 2022 மார்ச்சில் அந்நாட்டின் உயர்நிலை நிர்வாக நீதிமன்றம் அபராதத்தை ரத்து செய்தது. பேக் பிரிப்பது தனி விளையாட்டு அல்ல, திறமையை நம்பிய பெரிய கேமின் ஒரு பகுதி என்பது அதன் பார்வை. பிரிட்டன் நாடாளுமன்றக் குழு முன் 2019-ல் ஆஜரான இஏ அதிகாரி, இவை லூட் பாக்ஸ் எனப்படும் அதிர்ஷ்டப் பெட்டிகளே அல்ல, ‘ஆச்சரிய ஏற்பாடு’ என்று விளக்கி, குழந்தைகளுக்கான கிண்டர் சாக்லேட் முட்டையோடு ஒப்பிட்டார். முட்டைக்குள் என்ன பொம்மை வந்தாலும் அது குழந்தையிடமே இருக்கும் என்பதை யாராவது அவருக்கு நினைவூட்டியிருக்கலாம்.

இஏவின் வாதங்களை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. கார்டைப் பணமாக்க நிறுவனம் வழி வைக்கவில்லை. எந்த ரக கார்டு கிடைக்க என்ன வாய்ப்பு என்பதை ‘ஃபிஃபா 19’ முதல் வெளியிடுகிறது. ‘ஃபிஃபா 22’-ல் பிரிக்கப்பட்ட பத்துப் பேக்கில் ஒன்பது, பணம் தராமல் ஆடிச் சம்பாதித்தவை என்றும் அது கூறியது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இத்தனை கோடியையும் அந்தப் பத்தாவது பேக்தான் கொண்டுவருகிறது. வாய்ப்பு விவரமும் அவ்வளவு தெளிவில்லை. உச்ச கார்டுகளுக்கு ‘1 சதவீதத்துக்கும் குறைவு’ என்றுதான் இருக்கும். நூற்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவா, பல ஆயிரத்தில் ஒன்றா என்பதை அதிலிருந்து அறிய வழியில்லை. 2021-ல் கனடாவின் சிபிசி செய்தி நிறுவனம் வெளியிட்ட இஏவின் உள் ஆவணம் ஒன்று, அல்டிமேட் டீமை மூலைக்கல் என்று வர்ணித்து, ஆடுபவர்களை அங்கே கொண்டுசேர்க்க முடிந்ததையெல்லாம் செய்கிறோம் என்றது. சூழலைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்று இஏ மறுத்தது. அதே ஆண்டு, இஏ ஊழியர் யாரோ அரிய கார்டுகளைக் கள்ளத்தனமாகப் பணத்துக்கு விற்றதாகப் புகார் எழ, தன் விருப்பப்படி கார்டு வழங்கும் வழக்கத்தையே நிறுவனம் காலவரையின்றி நிறுத்தியது. மதிப்பே இல்லாத பொருளுக்குக் கள்ளச்சந்தை உருவாவதில்லை.

சூதா இல்லையா என்ற இந்த வழக்காடலில் ஒரு விஷயம் அதிகம் கவனிக்கப்படவில்லை. பேக்கில் அதிர்ஷ்டம் அடித்து எம்பாப்பே கிடைத்துவிட்டார் என்றே வையுங்கள். எத்தனை நாளுக்கு? அடுத்த செப்டம்பரில் புது கேம் வரும். அதில் உங்கள் அணி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பழைய கார்டு எதுவும் கூட வராது. பழைய கேமில் அது இருக்கும், ஆனால் எதிரணிக்கு ஆள் குறைந்துகொண்டே போகும். பிறகு ஒருநாள் சர்வரை மூடுவார்கள். காயின் சேர்க்க ஆறு மாதம் ஆகும் கார்டு, சில மாதத்தில் செல்லாக்காசாகும் என்று தெரிந்தவர்தான் இன்றே பணம் கட்டுகிறார். இந்த வியாபாரத்தின் உயிர் அதிர்ஷ்டத்தைவிட இந்தக் காலாவதியில்தான் இருக்கிறது. பெல்ஜியம் தவிர்த்த நாடுகளில் நாளைக்கே பேக்குகளைத் தடை செய்து, கார்டுகளைக் கண்ணுக்குத் தெரிய விலைபோட்டு விற்கச் சொன்னாலும், செப்டம்பர் இருக்கும்வரை இஏ பிழைத்துக்கொள்ளும்.

பெயரைக்கூட அது தூக்கிப்போட்டுப் பார்த்துவிட்டது. அந்தப் பெயருக்காக, சுவிட்சர்லாந்தில் இருக்கும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவுக்கு வருடத்துக்குச் சுமார் 15 கோடி டாலர் போய்க்கொண்டிருந்தது. நான்கு ஆண்டு உலகக் கோப்பைச் சுற்று ஒன்றுக்கு 100 கோடிக்கும் மேல் வேண்டும் என்று ஃபிஃபா கேட்டதாக 2021-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. 2022 மே மாதம் பிரிவு அறிவிக்கப்பட்டது. ஃபிஃபா என்றால் அமைப்பைவிட கேம்தான் நினைவுக்கு வரும் தலைமுறை ஒன்று வளர்ந்திருந்த நேரம் அது. லீகுகளும் கிளப்புகளும் வீரர் சங்கமும் தனித்தனியாகக் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் இஏவிடமே இருந்தன. ஃபிஃபாவிடம் மிஞ்சியது நான்கெழுத்தும் உலகக் கோப்பையும். 2023 செப்டம்பரில் ‘இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24’ வந்தது. முதல் நான்கு வாரத்தில் 1.45 கோடிக் கணக்குகள். பழைய ஃபிஃபா கேம்கள் ஆன்லைன் கடைகளிலிருந்து காணாமல் போயின. புதுப் பெயரைப் பழக்க இஏ ஒரு தந்திரம் செய்தது. 2023-24 சீசன் முதல் ஸ்பெயின் லீகின் அதிகாரப்பூர்வப் பெயர் ‘லாலிகா இஏ ஸ்போர்ட்ஸ்’. லீகின் பெயரைப் போடக் காசு கொடுத்துவந்த கேம், இப்போது லீகின் மேல் தன் பெயரைப் போடக் காசு கொடுக்கிறது.

2020-ல் என் பெயரையும் முகத்தையும் விற்க யார் அனுமதி கொடுத்தது என்று ட்விட்டரில் சீறிய வீரர் ஸ்லாடன் இப்ராஹிமோவிச், ‘எஃப்சி 26’ அல்டிமேட் எடிஷன் அட்டையில் இருக்கிறார்.

எல்லாம் ஏறுமுகம் என்று சொல்லிவிட முடியாது. ‘எஃப்சி 25’ எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 2025 ஜனவரியில் வருமான மதிப்பீட்டைக் குறைத்து அறிவித்த மறுநாள் இஏ பங்கு சுமார் 17 சதவீதம் சரிந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 29-ல், சவூதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதியும் இரு அமெரிக்க முதலீட்டு நிறுவனங்களும் சேர்ந்து இஏவை 5,500 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. அதில் 2,000 கோடி டாலர் கடன். அந்தக் கடனின் வட்டியை நிறுவனம்தான் சம்பாதித்துக் கட்டியாக வேண்டும். பேக் விற்பனை குறையும் என்று எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

வீட்டில் பிள்ளைகள் இதை ஆடுகிறார்கள் என்றால், கன்சோலில் அவர்களுக்குத் தனிக் கணக்கு தொடங்கிக் கொடுங்கள். சில கன்சோல்களின் பெற்றோர் கட்டுப்பாட்டில் மாதச் செலவு வரம்பு என்று ஒன்று உண்டு. அதைப் பூஜ்யத்தில் வைக்கலாம். கேமுக்கு உள்ளேயே ‘ப்ளேடைம்’ என்ற பகுதியில் பேக் எண்ணிக்கைக்கும் வரம்பு போடலாம். ஒரு பாயின்ட் வாங்காமலும் இந்த கேமை முழுசாக ஆட முடியும்.